முப்பத்தெட்டு அடி வீடும் ஒரு மெழுகுக் கோடும்

எங்கள் முகாமில் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு. யாராவது தாம் இழுத்து வந்த டிரெய்லர் வீட்டுக்கு அடியில் முழங்காலிட்டுக் குனிந்தால், பத்து நிமிடத்துக்குள் கையில் காப்பிக் குவளையோடு ஐந்து பேர் அவரைச் சுற்றி நிற்க வேண்டும். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் ஆம்புலன்ஸ் வந்து சேர இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஜாக்கியைத் தொட்டால் போதும், அரிசோனா பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழிக்க வந்திருக்கும் மொத்தப் பொறியியல் அறிவும் சரளைக்கல் மிதித்து வந்துவிடும்.

பிப்ரவரியில் ஒரு திங்கள்கிழமை பிற்பகல், எங்கள் பக்கத்து இடத்து டெல்மர் ட்வெயிட் அப்படிக் குனிந்தார்.

அவருக்குக் காரணம் இருந்தது. அன்று நண்பகலில் அவர் மனைவி லியோனா சொன்னது சன்னல் வலை வழியாக எனக்கும் கேட்டிருந்தது.

"இது ஏழாவது, டெல்மர்."

"கவலைப்படாத. சாயங்காலம் போய் இன்னொரு டஜன் வாங்கிட்டு வரேன்."

"முட்டை கடையில கிடைக்கும். கோடு எந்தக் கடையில கிடைக்கும்?"

லியோனாவின் முன்னோர்கள் உக்ரேனிலிருந்து வடக்கு டகோட்டாவுக்கு வந்து கோதுமை விதைத்தவர்கள். தவக்காலத்தின் முதல் திங்களன்று அந்த வீட்டுப் பெண்கள் ஈஸ்டருக்கான முட்டை எழுத உட்கார்வார்கள். எழுதுவது என்றுதான் அவர்கள் சொல்வார்கள், வரைவது என்று சொல்வதில்லை. குச்சி முனையில் கட்டிய சிறு செப்புக் குழலை மெழுகுவர்த்தியில் காட்டி, உருகிய மெழுகால் ஓட்டின் மேல் கோடு போட வேண்டும். அதன்பின் மஞ்சள் சாயம், மறுபடி மெழுகு, சிவப்பு, மறுபடி மெழுகு, கடைசியில் கறுப்பு. மெழுகு பட்ட இடம் பட்டதுதான். அழிக்கிற வேலை கிடையாது. ஊர் தேவாலயத்தின் நாற்பத்தொரு குடும்பங்களுக்கும் வீட்டுக்கொன்றாக லியோனா முப்பது வருடத்துக்கும் மேலாக எழுதி வந்தார். அவருடைய கோடு நேராக இருக்கும் என்பது அந்த வட்டாரத்தில் சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதைப் போன்ற செய்தி.

இப்போது அவர் முன்னால் ஏழு முட்டைகளில் ஏழு நிலநடுக்கப் பதிவுகள் இருந்தன.

"சனிக்கிழமை மத்தியானம் ஊருக்கு விமானம். டிக்கெட் போட்டுட்டேன்" என்றார் லியோனா. "தங்கச்சி மார்த்தா வீட்டு நிலவறைல சிமெண்ட் தரை. யார் நடந்தாலும் ஆடாது."

"ஈஸ்டர் முடிஞ்சதும் வந்துருவேல்ல?"

"தெரியல."

நாற்பத்தாறு வருடத் திருமண வாழ்க்கையில் லியோனா எதையாவது தெரியவில்லை என்று சொன்னது அதுவே முதல் முறை என்று டெல்மர் பின்னர் என்னிடம் சொன்னார்.

அந்த டிரெய்லர் டெல்மரின் யோசனை. கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோகும் வேலையில் முப்பத்து நான்கு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்ற மறு மாதமே வீட்டை விற்றார். பிக்கப் லாரியின் முதுகில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வரும், முப்பத்தெட்டு அடி நீள இழுவை வீடு ஒன்றை வாங்கினார். அதற்குள் கணப்பு அடுப்பு உண்டு. அதில் எரிவது திரையில் ஓடும் நெருப்புப் படம். சாய்வு நாற்காலிகள் இரண்டு, பக்கவாட்டில் பெட்டி இழுப்பறை போல வெளியே நீளும் கூடம் ஒன்று. விற்ற ஆள் எல்லாவற்றையும் காட்டினான். இத்தனையும் ஓட்டுநர் இல்லாத ஒரு பேருந்தைப் போல நான்கு சக்கரங்களின் மேல் நிற்கிறது என்பதையும், ஒருவர் கட்டிலில் புரண்டு படுத்தால் சமையலறையில் தேக்கரண்டிகள் பேசிக்கொள்ளும் என்பதையும் மட்டும் காட்ட மறந்துவிட்டான்.

ஆகவே டெல்மர் குனிந்தார். குவளைகள் வந்தன.

முதலில் வந்தவர் கேலார்ட். அயோவாவில் பாலங்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தவர். அவர் பரிசோதித்த பாலம் எதுவும் இதுவரை விழவில்லை. அவர் எதையும் கட்டியதும் இல்லை. டிரெய்லரின் முன்புறத்தைக் கையால் தள்ளிப் பார்த்தார்.

"உன் வீடு மூக்குல ஆடுதுய்யா."

"மூக்குலயா?"

"லாரில பூட்டுற முளை இருக்கே, அது அந்தரத்துல தொங்குது. அதுக்கு ஒரு முக்காலி வாங்கி முட்டுக் கொடு. நாளைக்கே ஆட்டம் நின்னுரும்."

முக்காலி செவ்வாய்க்கிழமை வந்தது. முப்பது கிலோ இரும்பு. அதைப் பொருத்த ஒருவர் போதும், ஆனால் ஆறு பேர் இருந்தார்கள். பொருத்தியதும் ஆட்டம் நின்றதா என்று பார்க்க வேண்டுமல்லவா? கேலார்ட் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, மாடு தள்ளுவது போலத் தள்ளினார்.

"லியோனா! இப்ப ஆடுதா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீங்க தள்ளறதால ஆடுது."

"அதத் தவிர?"

"நீங்க தள்ளாம இருந்தா சொல்றேன்."

"ஏதாவது ஒண்ணு பண்ணாத்தானே தெரியும்!" என்று கேலார்ட் எங்களிடம் வருத்தப்பட்டார். அறிவியலுக்குப் பெண்கள் ஒத்துழைப்பதில்லை என்பது அவர் கருத்து.

புதன்கிழமை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வைத்து முறுக்கும் பூட்டுகள் வந்தன. முறுக்க முறுக்க அவை விரிந்து, டயர்களை இரண்டு பக்கமும் அழுத்தி, சக்கரம் ஒரு மயிரிழைகூட உருளாமல் பிடித்துக்கொள்ளும். நல்ல பொருள். அது கொஞ்சம் பலன் கொடுத்திருக்கும். ஆனால் அதைக் கவனிக்க யாருக்கும் நேரம் இல்லை. ஏனென்றால் அதே நாள் மதியம் குறுக்குத் தாங்கிகள் வந்து இறங்கின. மாலை நான்கு மணிக்கு முகாமே நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக் குளிர்ந்த பானம் அருந்தும் வேளையில், டெல்மரின் டிரெய்லருக்கு அடியில் இருந்த இரும்பு, கேலார்ட் வாழ்நாளில் பார்த்த சில பாலங்களில் இருந்ததைவிட அதிகம்.

கேலார்டுக்கு அது போதவில்லை.

"அடிப்படைக் கோளாறு எங்க இருக்கு தெரியுமா? டயர்ல. டயர் என்ன? ரப்பர். உள்ள என்ன? காத்து. காத்து மேல யாராவது வீடு கட்டுவாங்களா?"

யாரும் கட்ட மாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டோம்.

"அப்ப தூக்கு. உன் வண்டில ஆறு ஜாக்கி இருக்கு. பொத்தான அமுக்கு. சக்கரம் தரைய விட்டு எழும்பட்டும். மொத்த வீடும் இரும்பு மேல நிக்கட்டும். அப்பறம் பாரு, தேவாலயம் மாதிரி இருக்கும்."

"கம்பெனி புஸ்தகத்துல தூக்கக்கூடாதுன்னு போட்டிருக்கே" என்றார் டெல்மர்.

"புஸ்தகம் எழுதறவன் என்னைக்காவது குனிஞ்சு பாத்திருக்கானா?"

வியாழக்கிழமை காலை பொத்தான் அமுக்கப்பட்டது. ஆறு கால்களும் முனகிக்கொண்டு நீண்டன. டயர்கள் தரையை விட்டு நான்கு விரல் உயரம் எழும்பி, தூக்கி வைத்த குழந்தையின் கால்களைப் போலத் தொங்கின. வாசல் படிக்கட்டின் கடைசிப் படி எங்கோ வானத்தில் நின்றது. லியோனா இறங்க ஒரு பிளாஸ்டிக் முக்காலி வைக்க வேண்டியிருந்தது. எல்லோரும் கொஞ்சம் பின்வாங்கி நின்று பார்த்தார்கள். ஒருவர் படம் எடுத்தார்.

பிறகு நிலைமையை நேரில் ஆராய ஆறு பேரும் உள்ளே ஏறினார்கள். அந்த ஆறு பேரின் மொத்த எடையைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை. கேலார்ட் நடுக் கூடத்தில் குதிகாலை ஊன்றி இரண்டு முறை எகிறினார். சமையலறை அலமாரி தானாகத் திறந்து, ஒரு பொடி டப்பாவை வெளியே அனுப்பியது. மேசையில் இருந்த ரசமட்டத்தின் குமிழி இடமும் வலமும் ஓடி, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவித்தது. லியோனா மெழுகுவர்த்தியை அணைத்தார்.

"இது பன்னெண்டாவது" என்றார்.

கேலார்ட் குமிழியை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "இன்னும் ரெண்டு அங்குலம் தூக்கணும்."

லியோனா படுக்கையறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்து, எல்லோரும் பார்க்கும்படி சோபாவின் மேல் திறந்து வைத்தார். குவளைகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. கடைசியில் இறங்கியவரின் கால் பட்டுப் பிளாஸ்டிக் முக்காலி கவிழ்ந்தது.

எதிர் இடத்தில் வெல்டா இருந்தார். எழுபத்தெட்டு வயது. குழாய்ப் பாதை போடும் வேலையில் வெல்டராக இருந்த கணவனோடு, வேலை எங்கே நகர்கிறதோ அங்கேயெல்லாம் முப்பத்தொரு வருடம் டிரெய்லரில் வாழ்ந்தவர். மூன்று குழந்தைகளை டிரெய்லரிலேயே வளர்த்தவர். இரண்டு டிரெய்லர்களுக்கும் ஒரு கணவனுக்கும் இறுதிச் சடங்கு செய்தவர். டிரெய்லர் ஏன் ஆடுகிறது என்பதைப் பற்றி எங்கள் முகாமில் யாருக்காவது தெரியும் என்றால் அவருக்குத்தான். அதனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் சொல்லும் வைத்தியத்துக்கு எதையும் வாங்க வேண்டியிருக்காது என்பதும் ஒரு குறை.

வெள்ளிக்கிழமை காலை கேலார்டும் குழுவும் பந்தாட்டத்துக்குப் போயிருந்தார்கள். வெல்டா துவைத்த துணிக் கூடையோடு டெல்மரின் வாசலில் நின்றார்.

"ஏம்ப்பா டெல்மர், வீட்ட எதுக்கு கொக்கு மாதிரி நிறுத்தி வெச்சிருக்க?"

"ஆடாம இருக்கத்தான், வெல்டா."

"காத்தடிச்சா கொக்கு ஆடாமயா நிக்கும்?"

டெல்மர் பிளாஸ்டிக் முக்காலிமேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு அவ கிளம்பறா. நான் என்னதான் பண்றது? எவ்வளவு இரும்ப வெக்கறது?"

"இரும்ப எடு மொதல்ல. அந்தப் பெரிய முக்காலியக் கழட்டு. அது இருக்கறப்ப வீட்ட இறக்கினா மொத்த பாரமும் அது மேல உக்காந்து மூக்க உடைக்கும். சக்கரப் பூட்டையும் தளத்து. அப்பறம் இறக்கு. டயர் நல்லா தரைல அமுங்கட்டும்."

"டயர் ரப்பராச்சே…"

"ரப்பர்தான். நாலு ரப்பர், அகலமா, தரையப் புடிச்சிட்டு நிக்குது. அத விட்டுட்டு ஆறு குச்சி மேல ஏறி நிக்கற. நீளமான காலு ஆடுமா, குட்டக் காலு ஆடுமா? நாற்காலில உக்காந்து காலத் தொங்கப் போட்டுப் பாரு, தெரியும்."

வெல்டா தம் டிரெய்லருக்கு அடியிலிருந்து பழைய ரயில் பாதைக் கட்டைத் துண்டுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நானும் டெல்மரும் சுமந்து வந்தோம். முன்கால்களுக்கு அடியில் இரண்டிரண்டாகக் குறுக்கே அடுக்கினோம். கால்கள் இப்போது ஒரு சாண் மட்டும் நீண்டால் போதும். மற்ற ஜாக்கிகள் தரையை லேசாகத் தொட்டு நின்றன. கடைசியாகச் சக்கரப் பூட்டை டெல்மர் தன் முழு பலத்தோடு முறுக்கினார். மொத்தம் நாற்பது நிமிடம். முக்காலி சரளைக்கல்லில் கவிழ்ந்து, செத்த பூச்சி போலக் காலைத் தூக்கிக் கிடந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு லியோனா மெழுகுவர்த்தியை ஏற்றினார். பெட்டி இன்னும் சோபாவில் திறந்தபடி இருந்தது, பாதி நிரம்பியிருந்தது. அதன் பக்கத்தில் டெல்மர், இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் அழுத்தி, பல் மருத்துவரிடம் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். நானும் வெல்டாவும் வெளியே, திறந்திருந்த சன்னலோரம் நின்றோம். படியில் கால் வைக்கக்கூடாது என்று வெல்டா என் சட்டையைப் பிடித்திருந்தார்.

லியோனா முட்டையை இடது கையில் எடுத்தார். குழலைச் சுடரில் காட்டினார். ஓட்டில் வைத்தார். குழல் நகரவில்லை, முட்டைதான் மெதுவாகச் சுழன்றது. கறுத்த மெழுகுக் கோடு ஒன்று ஓட்டைச் சுற்றிக்கொண்டு போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து தன்னைத் தானே தொட்டது. லியோனா மூச்சை விட்டார். இரண்டாவது கோடு. மூன்றாவது. ஐந்தாவது கோடும் முடிந்து ஆறாவது பாதி சுற்றியிருந்தது.

"பாத்தியா!" என்று டெல்மர் துள்ளி எழுந்தார். "நான் சொன்னேன்ல!"

கோடும் துள்ளியது.

வெல்டா என் சட்டையை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

லியோனா கோபப்படவில்லை. முட்டையை மேசையில் வைத்தார். டெல்மர் அப்படியே பாதி எழுந்த நிலையில் நின்றார்.

"இன்னும் எந்தப் பக்கம் ஆடுது? சொல்லு. அங்க இன்னொன்னு போட்டுடறேன்."

"வண்டி ஆடல, டெல்மர். நீ ஆடற."

"இனிமே எந்திரிக்க மாட்டேன்."

"உக்காந்தாலும் கால் ஆடும். ஒரு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஐஸ்பெட்டியத் தொறப்ப. கதவு வரைக்கும் போயி வெயில் அடிக்குதான்னு பாப்ப. இங்க வெயில் அடிக்காம என்ன பண்ணும்?" அவர் குரல் உயரவே இல்லை. "முப்பத்தி நாலு வருஷம் காலைல ஆறரைக்கு நீ தபால எடுத்துக்கிட்டுப் போவ. மூணு மணிக்கு வருவ. நான் முட்டையெல்லாம் எப்ப எழுதினேன்னு நெனச்ச?"

டெல்மர் உண்மையிலேயே யோசித்தார். "நான் அதப் பத்தி நெனச்சதே இல்ல" என்றார்.

"அதான்."

"லியோனா, நான் வீட்ட வித்ததே நாள் பூரா உன்கூட இருக்கணும்னுதான்."

"தெரியும். அதனாலதான் டிக்கெட் போட்டேன்."

நாங்கள் அங்கே நின்றிருக்கக் கூடாது. வெல்டாவுக்கும் அது தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. இருவரும் நகரவில்லை. டெல்மர் திறந்திருந்த பெட்டியைப் பார்த்தார். மடித்து வைத்த கம்பளிச் சட்டைகள், சாயப் பொட்டலங்கள், பஞ்சு. வாழ்க்கை முழுக்க மற்றவர்களின் கடிதங்களைச் சரியான வாசலில் சேர்த்தவர், தமக்கு வந்த செய்தியைப் பிரிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

"நான் வெளிய போயிட்டா?" என்றார் கடைசியில். "காலைல மட்டும். ஒம்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும்."

"ஒரு மணி."

"பன்னெண்டரை."

"டெல்மர்."

"சரி. ஒரு மணி."

"படியில கால் வெக்கக்கூடாது. சன்னல் வழியா எட்டிப் பாக்கக்கூடாது. கேலார்ட் இந்தப் பக்கமே வரக்கூடாது."

"மழை பேஞ்சா?"

லியோனா அவரைப் பார்த்தார். முந்தைய அக்டோபரிலிருந்து அங்கே ஒரு துளிகூட விழுந்திருக்கவில்லை.

"பேஞ்சா உள்ள வா" என்றார்.

பிறகு தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னது எங்கள் காதுக்கும் சேர்த்துத்தான் போல. "மார்த்தா, நான் வரல. டிக்கெட்ட ரத்து பண்றேன். இல்ல, வண்டி ஆட்டம் பாதிதான் நின்னுது. மீதிப் பாதி ஒரு மணிக்குத்தான் வீட்டுக்கு வரும்."

நான்கு மணி வட்டத்தில் செய்தி வேறு விதமாகப் பரவியிருந்தது. ட்வெயிட் வீட்டு ஆட்டம் நின்றுவிட்டது, லியோனா போகவில்லை. எது நிறுத்தியது என்பதுதான் கேள்வி. கேலார்டுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"முக்காலிதான்."

"முக்காலிய கழட்டிக் கீழ போட்டாச்சே" என்றேன்.

"மூணு நாள் முட்டுக் கொடுத்துச்சில்ல? இரும்புச் சட்டம் அந்த நிலைக்குப் பழகிடும். பாலத்துலகூட அப்படித்தான்."

எல்லோரும் தலையசைத்தார்கள். டெல்மரைப் பார்த்தார்கள். அவர் குவளைக்குள் பார்த்துக்கொண்டே, "முக்காலி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். மனைவி காலையில் நான்கு மணி நேரம் வெளியே அனுப்பிவிட்டாள் என்று ஐந்து ஆண்களிடம் சொல்வதற்கு அவருக்கு இன்னும் பழகவில்லை. மறு வாரம் முகாமின் அலுவலகத்தில் மூன்று முக்காலிகள் வந்து இறங்கின. வெல்டா தம் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

திங்கள்கிழமை சரியாக ஒன்பது மணிக்கு டெல்மர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். தம் வாசலிலேயே நாற்காலி போட்டார். ஐந்து நிமிடத்தில் முழங்கால் ஆடத் தொடங்கியது, நாற்காலி கிறீச்சிட்டது, உள்ளேயிருந்து சன்னலைத் தட்டும் சத்தம் கேட்டது. எழுந்து நடந்தார். முகாமில் இருநூற்றுப் பன்னிரண்டு இடங்கள் உண்டு. தபால் போடுகிற மாதிரி ஒவ்வொரு வாசலையும் கடந்து போய், பத்தேகாலுக்குச் சுற்றி முடித்துவிட்டார்.

பத்து இருபதுக்கு எங்கள் கதவு தட்டப்பட்டது.

என் மனைவி நாடின் நல்லவள். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தாள். டெல்மர் உட்கார்ந்தார். எழுந்தார். எங்கள் ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். பின்பக்கச் சன்னல் வரைக்கும் நடந்து, அங்கேயிருந்து தம் டிரெய்லரைப் பார்த்தார். திரும்பி வந்தார். எங்கள் வீடும் டிரெய்லர்தான், முப்பத்தாறு அடி. அவர் அதை அன்று எத்தனை முறை அளந்தார் என்று எனக்குத் தெரியாது. மேசையில் நாடின் கணக்கிட்டு அடுக்கியிருந்த ஆயிரம் துண்டுப் படப் புதிரின் வானப் பகுதி, மெல்ல மெல்லக் கடலுக்குள் இறங்கியது.

ஒரு மணிக்கு லியோனாவின் கதவு திறந்தது. படியின் கீழே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அசையாமல் நின்றார் டெல்மர். லியோனா உள்ளங்கையில் ஒரு முட்டையை வைத்துக் காட்டினார். சிவப்பும் கறுப்புமாக, ஓட்டைச் சுற்றி ஓடி முடிகிற கோடுகள். டெல்மர் மூச்சுவிடக்கூடப் பயந்தவர் போலப் பார்த்தார். பிறகு இருவரும் சாப்பிட உள்ளே போனார்கள். அவர்கள் வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

செவ்வாய், புதன், வியாழன், பத்து இருபதுக்குக் கதவு தட்டப்பட்டது. வியாழனன்று நாடின் புதிர்த் துண்டுகளை டப்பாவுக்குள் கொட்டி மூடிவிட்டாள்.

"இந்த முட்டை வேலை எப்ப முடியும், டெல்மர்?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் வரைக்கும்னு வெச்சுக்கங்க. இன்னும் முப்பத்தஞ்சு நாள்" என்றார் டெல்மர், முகமெல்லாம் மலர்ச்சியாக. "ஒம்பது முடிஞ்சிருச்சு. ஒரு கோடுகூடப் பிசகல. இங்கேருந்து பாத்தா அவ கை அசையறதுகூடத் தெரியுது."

"கொஞ்சம் உக்காருங்களேன்."

"வேண்டாம்மா, நடந்தாத்தான் எனக்கு நேரம் போகுது" என்று சொல்லிவிட்டு அவர் பின்பக்கச் சன்னலை நோக்கி நடந்தார். நான் தளும்பத் தொடங்கிய இரண்டு குவளைகளையும் மேசையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.